தவளை மூழ்குமா

இராஜபாளையம்
5.12.1984

அனுப்புநர்: வைகுண்டராஜ், தலைமையாசிரியர்.
பெறுநர்: ஜெயபாய், அறிவியல் ஆசிரியை.
பொருள்: விளக்கம் கோருதல்.

3.12.1984 திங்கட்கிழமை நம் பள்ளியில் நடைபெற்ற ஆண்டாய்வின்போது, தங்கள் பொறுப்பில் உள்ள விலங்கியல் அறையின் சிமெண்டுத் தொட்டியில் ஏறத்தாழ அறுபது தவளைக் குஞ்சுகள் செத்து மிதந்தது ஆய்வு அலுவலரால் காணப்பட்டது. நாற்றம் தாங்காமல் அன்னார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேற நேர்ந்தது. இது பள்ளிக்குப் பெருத்த அவமானம். உயிருள்ள காட்சிப் பொருள்களைப் பேணுவதில் தாங்கள் காட்டிய கவனக்குறைவுக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு, இக்குறிப்பாணை கிடைத்த மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.

வைகுண்டராஜ்


இராஜபாளையம்
7.12.1984

ஐயா,

குறிப்பாணை கிடைத்தது. விளக்கம் வருமாறு.

ஐப்பசி முதல் மழையில் கண்மாய்க்கரைப் பள்ளத்திலிருந்து தவளை முட்டைகளை அள்ளி வந்து தொட்டியில் விடுவதும், அவை தலைப்பிரட்டையாகிக் கால் முளைத்துத் தவளையாவதைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்த்து நோட்டில் வரைவதும் பதினோரு வருடமாக நடந்துவருகிறது. இந்த வருடக் குஞ்சுகளுக்கு நவம்பர் கடைசியில் முன்னங்கால் வந்துவிட்டது. முன்னங்கால் வந்த பிறகு செவுள் போய்விடும். மூச்செல்லாம் நுரையீரலால்தான். ஏறி உட்கார்ந்து காற்று வாங்க இடம் வேண்டும். அதற்காகத் தொட்டியில் நான்கு விரல் தண்ணீர் மட்டும் வைத்து, நடுவில் மூன்று கற்களைப் போட்டிருந்தேன். சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போகும்வரை அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் கற்களைக் காணோம். தொட்டி விளிம்புவரை தண்ணீர். ஏற இடமில்லாமல் நீந்தி நீந்திச் சலித்து மூழ்கிச் செத்திருக்கின்றன. கற்களை எடுக்கச் சொன்னது யார் என்று விசாரிக்குமாறு வேண்டுகிறேன்.

“தவளை தண்ணியில மூழ்கிச் சாகுமாக்கும்?” என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் தாங்கள் கேட்டுச் சிரித்தீர்கள். சாகும் ஐயா.

இதற்குக் கீழே எழுதுவது ஆபீசுக்கு அல்ல. அத்தான், கொழுந்தியாள் என்பதற்காக எனக்கு நீங்கள் சலுகை காட்ட வேண்டாம். அக்காவைக் கட்டினவர் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்கவும் மாட்டேன். நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். அக்கா நடையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தும் வா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். கூடப் பிறந்தவளிடம் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

ஜெயபாய்


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
14.6.1993

அத்தானுக்கு,

ஜெயபாய் எழுதுவது. எட்டரை வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து, யாருக்கோ வந்த கடிதம் என்று ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். அக்கா செத்த அன்று வந்து மாலையைப் போட்டுவிட்டு உங்களிடம் பேசாமல் பஸ் ஏறினவள்தான். பேச இப்போதும் விருப்பம் இல்லை. வேலை இருக்கிறது, எழுதுகிறேன்.

என் பணிப்பதிவேட்டில் நீங்கள் எழுத வைத்த வரி உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மனப்பாடம். “கவனக்குறைவால் பள்ளிக்கு இழுக்கு ஏற்படுத்தியதற்காகக் கண்டிக்கப்பட்டார்.” அதோடு என்னை இங்கே மாற்றினார்கள். அதன் பிறகு முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுக்கு மூன்று தரம் பட்டியல் போட்டார்கள். மூன்று தரமும் அந்த வரியில் விரலை வைத்து என்னைத் தள்ளிவிட்டு, எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஏறாமல் கிடக்கிறேன்.

தொண்ணூற்றாறு மே மாதம் எனக்கு ஓய்வு. அடுத்த பட்டியல் வருகிற ஜனவரியில். அதிலும் விட்டால் அவ்வளவுதான். நான் படித்த படிப்பை ஒரு இரண்டு வருடமாவது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

கேட்பது ஒன்றுதான். கற்களை எடுத்துத் தொட்டியை நிரப்பச் சொன்னது நான்தான் என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுங்கள். நீங்கள்தான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் உத்தரவு இல்லாமல் அந்தப் பள்ளியில் ஒரு துடைப்பம்கூட இடம் மாறாது.

களைத்துவிட்டேன் அத்தான். சண்டை போடத் தெம்பு இல்லை. எழுதிக் கொடுங்கள்.

ஜெயபாய்


இராஜபாளையம்
2.7.1993

ஜெயபாய்க்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் எழுத உட்காருவேன், இளைப்பு வந்துவிடும், படுத்துவிடுவேன். மில் சங்கு ஊதினால் எழுந்திருப்பது, பக்கத்துத் தெரு பெத்தம்மாள் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுப் போனால் குடிப்பது, இதுதான் என் நாள். தங்கபாய் போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் ரேடியோவில் மட்டும்தான்.

நடந்து முடிந்ததை ஏன் கிளறுகிறாய்? ஐம்பத்தைந்து வயதில் பெரிய வகுப்புக்குப் போய் என்ன ஆகப்போகிறது? இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருந்துவிட்டு ஓய்வு பெறுவதை விட்டுவிட்டு, ஆபீஸ் ஆபீசாக அலையப்போகிறாயா?

ஆய்வுக்கு முந்தைய சனிக்கிழமை எனக்கு எம்புட்டு வேலை இருந்தது என்று உனக்கே தெரியும். பாசி பிடித்த கல்லும் கலங்கின தண்ணீரும் அதிகாரி கண்ணில் படக் கூடாது என்று தொட்டியைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கலாம். நிச்சயமாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அதில் கெட்ட எண்ணம் ஏது? நான் கணக்கு வாத்தியார். தவளையைத் தண்ணீரில் பார்த்துப் பழகினவன். தண்ணீர் கூடினால் அதற்கு நல்லதுதானே என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. தண்ணீரிலேயே முட்டையை விட்டு வந்து, தண்ணீரிலேயே வளர்ந்த ஜீவன், ஒரே நாளில் அந்தத் தண்ணீரிலேயே எப்படி மூழ்கும்? இதை எனக்கு யாரும் விளங்கச் சொன்னதில்லை. நீ அன்றைக்கு எழுதின விளக்கத்தையும் நான் பாதிதான் படித்தேன்.

வைகுண்டராஜ்


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
20.7.1993

அத்தானுக்கு,

பாதிதான் படித்தேன் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லை. போகட்டும். மீதியை இப்போது படியுங்கள். கணக்கு வாத்தியாருக்கும் விளங்குகிற மாதிரியே எழுதுகிறேன்.

நம் தொட்டியில் நாற்பது நாளில் நடந்த காரியம், உலகத்தில் முதல் தரம் நடக்கக் கோடி கோடி வருடம் பிடித்தது. முப்பத்தாறு கோடி வருடத்துக்கும் முன்னால், ஆழமில்லாத, செடியும் பாசியும் அடைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் சில மீன்கள் கிடந்தன. அந்தத் தண்ணீரில் மூச்சு முட்டும். சித்திரையில் நம் கண்மாய் வற்றும்போது விரால் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி மேலே வந்து காற்றைக் குடித்த அந்த மீன்களுக்குச் செவுளோடு நுரையீரலும் இருந்தது. கரைக்குப் போகவேண்டும் என்று அது வரவில்லை. தண்ணீருக்குள்ளேயே பிழைத்துக் கிடக்க வந்தது.

அவற்றின் துடுப்புக்குள் எலும்பு உண்டு. மேலே ஒன்று, அதற்குக் கீழே இரண்டு. உங்கள் தோளிலிருந்து மணிக்கட்டுவரை தடவிப் பாருங்கள். அதே ஒன்று, அதே இரண்டு.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறது? குளம் வற்றியது, மீன் அடுத்த குளத்தைத் தேடித் தரையில் தவழ்ந்தது, தவழ்ந்து தவழ்ந்து துடுப்பு காலானது. இருபது வருடமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். போன மே மாதம் மதுரையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது ஒரு பேராசிரியர் ஒரு படத்தைக் காட்டினார். கிரீன்லாந்துப் பாறையில் கிடைத்த பிராணியாம். அதற்குக் கால் இருக்கிறது, விரல் இருக்கிறது, கைக்கு எட்டு விரல். கூடவே செவுளும் இருக்கிறது, மீனுக்கு உள்ள மாதிரி வாலும் இருக்கிறது. உடம்பைத் தூக்கிக்கொண்டு தரையில் நடக்க அந்தக் கால் லாயக்கில்லை. செடி அடைத்த தண்ணீருக்குள் உந்தித் தள்ளிக்கொண்டு போக வந்த கால் அது. அப்படியென்றால் கால் முதலில் வந்தது, கரை பிறகுதான் வந்தது. தரைக்காகக் கால் முளைத்தது என்று நான் சொன்னது அம்புட்டும் தலைகீழ்.

கரைக்கு வந்த பிறகும் பாடு தீரவில்லை. தண்ணீர் தாங்கின உடம்பை இனி எலும்புதான் தாங்கவேண்டும். கண் காய்ந்துபோகாமல் இருக்க இமை வேண்டும். காற்றில் வருகிற சத்தம் கேட்கச் செவிப்பறை வேண்டும். தவளைக்கு நெஞ்சை விரிக்க விலா எலும்பு கிடையாது, தொண்டையால் காற்றை உள்ளே தள்ளித்தான் மூச்சு விடும். பத்தாததற்கு ஈரத் தோலாலும் மூச்சு விடும். தோல் காய்ந்தால் சாகும். முட்டைக்கு ஓடு இல்லை, அதனால் வருடா வருடம் தண்ணீரைத் தேடி வந்தாகவேண்டும். இத்தனை கோடி வருடம் ஆகியும் தவளை முழுதாகக் கரையேறி முடிக்கவில்லை அத்தான்.

இப்போது நம் தொட்டிக்கு வாருங்கள். முன்னங்கால் வந்த அந்த நாலைந்து நாளில், பழைய செவுள் போய்விட்டது, நுரையீரல் புதிது. பாசி தின்ற குடல் சுருங்கி, பூச்சி தின்கிற குடலாக மாறிக்கொண்டிருக்கும். அதனால் தீனி எடுக்க முடியாது. தன் வாலையே உடம்புக்குள் கரைத்து அதில்தான் உயிரை வைத்துக்கொண்டிருக்கும். காலில் வலு இல்லை. அந்த நேரத்தில் அதற்குத் தேவை தண்ணீரும் இல்லை, தீனியும் இல்லை. மூக்கை வெளியே நீட்டி உட்கார ஒரு கல். அதைத்தான் நீங்கள் எடுத்தீர்கள்.

போன திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு, “இந்தப் பாடத்தை இருவது வருசமாத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன். அதை அடிச்சிட்டு இப்படி எழுதிக்கோங்க” என்று சொன்னேன். ஒரு பிள்ளை மட்டும் பரீட்சையில் எதை எழுத என்று கேட்டது. இரண்டையும் எழுது என்றேன். அவ்வளவுதான் நடந்தது. என் தலை ஒன்றும் இறங்கிவிடவில்லை.

எனக்கு இருபது வருடம் அடிக்கவேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரே ஒரு வரி.

ஜெயபாய்


இராஜபாளையம்
5.9.1993

ஜெயபாய்க்கு,

இன்று ஆசிரியர் தினம். என்னிடம் படித்த தவசிமுத்து, இப்போது ஒரு மில்லில் மேனேஜராக இருக்கிறான், வந்து சால்வை போர்த்திவிட்டுப் போனான். பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மாவிடம், “எங்க சார் வாயில பொய்யே வராதும்மா” என்று பெருமையாகச் சொன்னான். அந்த அம்மா அப்படியா என்பதைத் தெலுங்கில் “அவுனா” என்று கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு இருமல் வந்துவிட்டது. அவன் போனதும் எழுத உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேன் சோணைமுத்துவைக் கூப்பிட்டு, கல்லை எடுத்துப் போடு, தொட்டியைக் கழுவு, நிறையத் தண்ணீர் விடு என்று சொன்னது நான்தான். நினைவில்லை என்று எழுதியது பொய். “டீச்சர் கல்லைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காக சார்” என்று அவன் சொல்லத்தான் செய்தான். தவளைக்கு என்னலே கல்லு என்று அவனைச் சத்தம் போட்டேன். திங்கட்கிழமை அவை செத்துக் கிடந்ததைப் பார்த்ததுமே இது நம் வேலை என்று விளங்கிவிட்டது. ஆய்வு அதிகாரி யார் பொறுப்பு என்று கேட்டார். வாயில் உன் பெயர் வந்தது. ஒரு தரம் வந்த பிறகு அதை மாற்றிச் சொல்ல முடியவில்லை. ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது. என் பதிவேட்டில் அதுவரை ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. உன் பதிவேட்டில் வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

உன் விளக்கத்தைப் பாதிதான் படித்தேன் என்பதும் பொய். முழுதும் படித்தேன். எப்படி மூழ்கும் என்று கேட்டது மட்டும்தான் நிஜம்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். தோளிலிருந்து மணிக்கட்டுவரை தடவிப் பார்த்தேன். நீ சொன்ன கணக்கு சரியாக இருக்கிறது.

ஆபீசுக்கு நேற்றே பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். அதன் நகல் இதோடு.

வைகுண்டராஜ்


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
12.9.1993

அத்தானுக்கு,

நகல் கிடைத்தது. எழுதியதற்கு நன்றி சொல்லவேண்டும். சொல்லிவிட்டேன்.

செத்துக் கிடந்த அன்றே தெரியுமா? தெரிந்துகொண்டுதானா ஆசிரியர் அறையில் அப்படிச் சிரித்தீர்கள்? நான் இத்தனை நாளும் உங்களை விவரம் தெரியாதவர் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவோ தேவலை.

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அக்காவுக்குத் தெரியுமா? நான் மாறுதலாகி இங்கே வந்த பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்தாள். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஒரு தரம்கூட என் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. நீங்கள் சொன்னதை நம்பிவிட்டாள், தங்கச்சியை விட்டுவிட்டாள் என்று நானும் வைராக்கியமாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று பெத்தம்மாள் சொல்லி அனுப்பியபோதுகூட நான் புறப்படவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

ஜெயபாய்


இராஜபாளையம்
21.11.1993

ஜெயபாய்க்கு,

வியாழக்கிழமை மாவட்ட ஆபீசுக்கு நேரில் வரச் சொன்னார்கள். பஸ்ஸில் போனேன். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினேன். விசாரித்த அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். நடந்ததை முழுதும் சொன்னேன். இம்புட்டு வருசம் ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வரியை ரத்து செய்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ கேட்டதற்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். ஆபீசில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருக்கிறது.

தங்கபாய்க்குத் தெரியும். ஆய்வு முடிந்த அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லிவிட்டேன். “நாளைக்கே போயி உள்ளதை எழுதிக் குடுங்க. அவ எங்கூடப் பிறந்தவ” என்றாள். மாட்டேன் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் பேசினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, “அவகிட்டப் பேசினாலும் அவ வீட்டுப் பக்கம் போனாலும் நீ இந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்” என்று தங்கபாயிடம் சொன்னேன். பிள்ளை இல்லாதவள், எங்கே போவாள்? நீ வாசலில் வந்து நின்ற அன்று அவள் உள்ளே போனது உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் அல்ல. நின்றால் சொல்லிவிடுவோம் என்றுதான் போனாள். அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் “செயா வந்துட்டாளா” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவளிடம் நான் சொன்ன கடைசி வார்த்தையும் பொய்தான்.

வைகுண்டராஜ்


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
10.2.1994

அத்தானுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. பணிப்பதிவேட்டில் அந்த வரியின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, ரத்து செய்யப்பட்டது என்று எழுதி முத்திரை வைத்தார்கள். எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோட்டுக்கு அடியில் அந்த வரியை இன்னமும் வாசிக்க முடிகிறது.

பட்டியலிலும் பெயர் வந்தது. வத்திராயிருப்பில் முதுகலை ஆசிரியை. திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். காலையில் பஸ்ஸில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். பதினோராம் வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். சந்தோஷமாக இருக்கவேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது.

உங்கள் நவம்பர் மாதக் கடிதத்துக்கு இதுவரை பதில் எழுதாமல் இருந்தேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எழுந்துவிட்டேன். ஆபீஸ் எழுதின வரியை ஆபீஸ் அடித்துவிட்டது. அக்கா என்னைக் கேட்டுக்கொண்டு கிடந்த அந்த இரண்டு நாளை அடிக்க எந்த ஆபீசுக்கு மனுப் போட? அதில் பாதி என்னுடையது. பெத்தம்மாள் ஆள் அனுப்பியும் வராமல் வீம்பாக உட்கார்ந்திருந்தது நான். அதை நீங்கள் செய்யச் சொல்லவில்லை.

மற்ற பாதி உங்களுடையது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால், நம் வீட்டுப் பொய்களோடு இன்னொன்றும் சேரும். அதனால் எழுதவில்லை.

பங்குனியில் அக்காவுக்கு மூன்றாம் வருசப் படையல். இதுவரை பெத்தம்மாள்தான் பொங்கிப் படைத்தாள் என்று கேள்விப்பட்டேன். இந்த வருடம் நான் வருகிறேன். முந்தின நாளே வந்துவிடுவேன். அக்கா அன்றைக்கு உட்கார்ந்து அழுத இடம் அடுக்களையில் எது என்று காட்டிவிட்டு, நீங்கள் செத்த நேரம் வெளியே போய் இருங்கள்.

ஜெயபாய்